ராசி இல்லாத வண்டி

சமையல் குறிப்பு எழுத வேண்டிய வயதில் இவள் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். தோட்டத்தில் பிறந்து, அறுபது வயதைத் தாண்டி, இன்று பங்சாரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தது போன ஆண்டில்தான். எங்கள் லயத்தில் யாராவது ஒருவருக்கு அது 1977ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தால், என் படிப்பு முதல் படிவத்தோடு நின்றிருக்காது. அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தக் கதை உங்களுக்கு விளங்கும்.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. அப்பா பால்மரம் சீவினார். அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, புகுமுக வகுப்பையும் தாண்டி, முதல் படிவத்தில் இருந்தேன். லயத்திலிருந்து பஸ் வரும் பெரிய சாலைக்கு 4 மைல் செம்மண் பாதை. அந்த 4 மைலுக்காகத்தான் அப்பா தவணையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எடுத்தார்.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் சிறிய வண்டிதான். ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1958இல் ‘சூப்பர் கப்’ என்ற வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டில், பினாங்கில் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கிப் பேருந்து முதலாளியாக உயர்ந்த லோ பூன் சியூ, ஹோண்டா வண்டிகளை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். அந்த ‘கப்’ என்ற பெயரோடு சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்துதான் நம் ஊரில் ‘கப்சாய்’ ஆயிற்று. பிறகு எந்த நிறுவனம் அந்த மாதிரி வண்டி செய்தாலும் நமக்கு எல்லாம் கப்சாய்தான். சூப்பர் கப் வகை வண்டிகள் மட்டும் 2017க்குள் உலகம் முழுவதும் 10 கோடி செய்யப்பட்டுவிட்டன. தோட்டத்து ஏழைக்கும் பட்டணத்துக்கும் நடுவில் பாலம் போட்டது அந்தச் சின்ன வண்டி என்று சொன்னால் மிகையில்லை.

எங்கள் பாலம் நான்கு மாதம்தான் நின்றது.

விடியற்காலை நாலே முக்காலுக்கு அப்பா வண்டியை உதைப்பார். இருபது உதை, முப்பது உதை. கணுக்கால் வீங்கிவிடும். பிறகு நானும் அம்மாவும் கோயில் சரிவு வரை தள்ளிக்கொண்டு போவோம். சரிவில் வேகமாக உருண்டால் சில நாள் கிளம்பும். மழை பெய்த மறுநாள் கிளம்பவே கிளம்பாது. என்னைச் சாலையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குத் திரும்பி வர நேரமாகிவிடும். இரண்டு முறை மண்டோர் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைய கூலி போயிற்று. அம்மா எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தாள். முனியாண்டி கோயிலில் திருநீறு போட்டுப் பார்த்தாள். கடைசியில் அப்பா, “நம்ம ராசி அவ்வளவுதான்” என்று சொல்லி, தோட்டத்து லோரி டிரைவரிடம் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார்.

டிரைவர் அண்ணன் அதை வாங்கிய அன்று மாலையே எங்கள் லயத்துக்கு முன்னால்தான் பிரித்தார். உள்ளே நெருப்புப் பொறியை உண்டாக்கும் ‘பாயிண்ட்’ என்ற சிறு துண்டு கருகிப் போயிருந்தது. மணல் தாளால் தேய்த்தார்; இடைவெளியைச் சரி செய்தார். இரண்டாவது உதையில் வண்டி பாடியது. எட்டு வருடம் அவரிடம் ஓடியது அந்த வண்டி. பொறி பலவீனமாக இருந்ததால்தான் மெதுவாக உதைத்தபோது கிளம்பாமல், சரிவில் வேகமாகச் சுழன்றபோது கிளம்பியிருக்கிறது என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அன்று யாருக்குத் தெரியும்?

வயதுக்கு வந்த பெண் இருட்டில் 4 மைல் நடக்கக் கூடாது என்று என் படிப்பு நின்றது. மறுமாதம் அம்மாவோடு வெளிக்காட்டுக்குப் போனேன். அப்பா அந்த வண்டியைப் பற்றிச் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் அண்ணன் லயத்தைக் கடந்து போகும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

நிற்க. திருமணமாகி நான் பங்சாருக்கு வந்து சேர்ந்தேன். இன்று பங்சார் என்றால் பெரிய பங்களாக்களும் விலையுயர்ந்த உணவகங்களும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயரே ஒரு தோட்டத்தின் பெயர் என்று சொல்கிறார்கள். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயரைச் சேர்த்து அழைக்கப்பட்ட ரப்பர் தோட்டம் இங்கே இருந்ததாம். புங்கே-கிரிசார்தான் நாளடைவில் பங்சார் ஆனதாம். தோட்டத்தை விட்டு வந்தும் தோட்டத்துப் பெயரில்தான் குடியிருக்கிறேன், பாருங்கள்.

என் கடைக்குட்டி மகள் மருத்துவமனையில் தாதி. இரவு முறை வேலை முடிந்து வருவதற்கு வண்டி வேண்டும் என்றாள். கூட்டு கட்டி எடுத்த 1,800 வெள்ளியில், பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்தவர் மூலமாகப் பத்து வயதான 100 சிசி கப்சாய் ஒன்றை வாங்கினோம். எஞ்சினுக்குப் புதிதாக வெள்ளிச் சாயம் அடித்து, பார்க்கக் கல்யாணப் பெண் போல இருந்தது. உதைக்கும் மிதியின் பல் தேய்ந்து வழுக்கியது. “பட்டன் ஸ்டார்ட்டர் இருக்கே, பிறகென்ன?” என்றார்கள். நாங்களும் சரி என்றோம்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் மௌனம். நாலைந்து முறை அழுத்தினால் திடீரென்று கிளம்பும். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஒரு பட்டறையில் காட்டினோம். “பேட்டரி போயிடுச்சு” என்று 90 வெள்ளிக்குப் புது பேட்டரி போட்டார்கள். பத்து நாள் சரியாக இருந்தது. பதினோராம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அன்று இரவு மகள் தொலைபேசியில் அழைத்தாள். மணி பதினொன்றரை. வேலை முடிந்து வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினாளாம், வண்டி கிளம்பவில்லை. கடை விளக்கை அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுக்கிறார்கள். நான் நாலாவது மாடியிலிருந்து இறங்கி, கிடைத்த டாக்சியில் ஓடினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் டாக்சியில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் அப்பா சொன்ன அதே வார்த்தைதான் என் வாயிலும் வந்தது: “நம்ம ராசி.”

மறுநாள் இன்னொரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ரிலேயையும் முழுசாக மாற்ற வேண்டும், 280 வெள்ளி ஆகும் என்றார்கள். விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ‘லெம்பாகா லெட்ரிக் நெகாரா’ என்று பெயர் இருந்த காலத்தில் மின்சார வேலைக்குச் சேர்ந்து, 1990இல் அது தெனாகா நேஷனல் ஆன பிறகும் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான் அண்ணன் என்று அழைப்பேன். அவரிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

“எல்லாரும் மாத்தச் சொன்னாங்க, சரி. யாராச்சும் அளந்து பார்த்தாங்களா தங்கச்சி?”

யாரும் அளக்கவில்லை. அவர் வீட்டுக்குள் போய் ஒரு மீட்டரை எடுத்து வந்தார். கடையில் இருபது, முப்பது வெள்ளிக்கு விற்கும் சாதாரண மீட்டர். “நான் செய்ய மாட்டேன். நீயே பிடி. நாளைக்கு நான் இல்லாதப்பவும் வண்டி நிக்கும்” என்றார்.

முதலில் அவர் சொல்லிக் கொடுத்தது காதால் கேட்பதற்கு. பட்டனை அழுத்தும்போது வரும் சத்தமே பாதி நோயைச் சொல்லிவிடும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமே இல்லையா? பேட்டரி முழுக்கச் செத்திருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், சாவி சுவிட்சோ பட்டனோ பழுதாக இருக்கலாம். சில வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தால்தான், சிலவற்றில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான் பட்டன் வேலை செய்யும். அதையும் பாருங்கள்.

‘டட்-டட்-டட்’ என்று தொடர்ந்து அடிக்கிறதா? பெரும்பாலும் பேட்டரி பலவீனம், அல்லது பேட்டரி முனைகள் தளர்ந்திருக்கும்.

‘டக்’ என்று ஒரே சத்தமா? ரிலே வேலை செய்கிறது. ஆனால் மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் போகவில்லை, அல்லது மோட்டாருக்குள் கரித் துண்டுகள் தேய்ந்துவிட்டன.

‘ர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி, எஞ்சின் சுற்றவில்லையா? நடுவில் இருக்கும் ஒருவழிக் கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது. அது பட்டறை வேலை.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? அப்படியானால் ஸ்டார்ட்டர்மேல் குற்றமில்லை. பிளக்கையும் பெட்ரோலையும் பாருங்கள்.

எங்கள் வண்டிக்கு ஒரே ‘டக்’. மீட்டரை எடுத்தேன். கை நடுங்கியது.

பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தேன். 12.7 வோல்ட். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6க்கு மேல் காட்ட வேண்டும்; 12க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை என்று பொருள். இது நல்ல பேட்டரி. பிறகு மகளைப் பட்டனை அழுத்தச் சொன்னார். ‘டக்.’ மீட்டர் 12.4 காட்டியது.

“இதுதான் துப்பு” என்றார் அண்ணன். ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை செய்தால் நிறைய மின்சாரத்தை இழுக்கும்; பேட்டரி 11க்கோ 10க்கோ இறங்கத்தான் செய்யும். ஒன்பதரைக்கும் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை. எங்கள் பேட்டரி இறங்கவே இல்லை. கொடுக்க ஆள் தயாராக இருக்கிறான். வாங்க வேண்டியவனிடம் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

“அப்போ விளக்கு எரியுதே, ஹாரன் அடிக்குதே அண்ணே?” என்று கேட்டேன்.

“விளக்குக்கு ஒத்தையடிப் பாதை போதும். ஸ்டார்ட்டருக்கு லோரி போற ரோடு வேணும்” என்றார். தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

இனி ரோட்டைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். ரிலேயின் இரண்டு தடித்த முனைகளில் மீட்டரை வைத்துப் பட்டனை அழுத்தினோம். கிட்டத்தட்ட பூச்சியம். அப்படியென்றால் ரிலே வழி விடுகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து அழுத்தினோம். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் 6க்கு மேல் காட்டியது! பாதி மின்சார பலம் அந்த ஓர் இடத்திலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

மின்சாரம் போவதற்கு வழி இருந்தால் போதாது. பேட்டரிக்குத் திரும்பி வரவும் வழி வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறார்கள். எஞ்சின் உடம்பில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்ட தடித்த கம்பி அது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். எந்த வேலை செய்தாலும் முதலில் கழற்ற வேண்டியதும் கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுதான். பிறகு அந்த போல்ட்டைக் கழற்றினேன். கம்பியின் வளையத்துக்கு அடியில் பளபளவென்று வெள்ளிச் சாயம். அதன் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை பிடித்த மாதிரி களிம்பு.

விஷயம் விளங்கிவிட்டது. விற்பதற்கு முன் அழகுக்காகச் சாயம் அடித்தவர், அந்த இடத்தைச் சுரண்டாமல் சாயத்தின் மேலேயே கம்பியை வைத்து முடுக்கிவிட்டார். சாயம் மின்சாரத்தைத் தடுக்கும். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி அந்த மரையும் துருப்பிடித்தவுடன் அதுவும் நின்றது. புது பேட்டரி போட்டவுடன் பத்து நாள் ஓடியதும் இதனால்தான். புதிய பலத்தில் முட்டித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் எந்த அழகைப் பார்த்து வாங்கினோமோ அதுவே வண்டியின் நோய்.

மணல் தாள் ஒரு வெள்ளி, புது போல்ட் ஐம்பது காசு. வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். கம்பியின் வளையத்தையும் தேய்த்தேன். இறுக்கி முடுக்கி, தண்ணீர் புகாமலிருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மகள் பட்டனை அழுத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் எஞ்சின் பாடியது. மறுபடி அளந்தோம்: 6 காட்டிய இடத்தில் 0.2. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட். அதாவது சார்ஜும் சரியாக ஏறுகிறது. பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையில் இருந்தால் நல்லது என்றார் அண்ணன்.

280 வெள்ளி கேட்ட வேலை ஒன்றரை வெள்ளியில் முடிந்தது. பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் பத்து வண்டி நிற்கும்போது அளந்துகொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை. மாற்றிப் பார்ப்பது சுலபம். ஆனால் மாற்றிப் பார்க்கும் செலவு நம்முடையது. நோயை மட்டும் பார்க்காதே, அதன் காரணத்தையும் தேடு, பிறகு வைத்தியம் செய் என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்னது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்துகிறது.

இன்னும் சில வார்த்தைகள். பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்துங்கள். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. அதுவரை பெரும்பாலும் காரை இரும்புக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்பினார்கள். அது திருப்பி அடித்துக் கை ஒடிந்தவர்கள் பலர். சின்ன மோட்டாரால் பெரிய எஞ்சினைச் சுற்ற முடியாது என்று பலர் சொன்னபோது, சில விநாடி மட்டும் சுற்றினால் போதுமே, அதுவரை அது தாங்கும் என்று அவர் கண்டுகொண்டார். இன்றும் ஸ்டார்ட்டர் அப்படித்தான்: சில விநாடி உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும் ஆள். விடாமல் அழுத்தினால் வெந்துவிடும்.

ரிலேயின் இரண்டு முனைகளையும் திருப்புளியால் சேர்த்துக் கிளப்பும் பழக்கம் வேண்டாம்; பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். பழைய வண்டி வாங்கப் போனால், முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு உங்கள் கையாலேயே கிளப்பிப் பாருங்கள். உதைக்கும் மிதியும் வேலை செய்ய வேண்டும். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். புதுச் சாயம் கண்டால் மயங்காமல், அதற்கு அடியில் என்ன என்று கேளுங்கள்.

மிதியின் பல்லையும் அடுத்த மாதம் மாற்றிவிட்டோம். மீட்டர் ஒன்றும் வாங்கிவிட்டேன். இப்போது எங்கள் மாடியில் யார் வண்டி நின்றாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரியாததைப் பட்டறைக்கு அனுப்புகிறேன்; ஆனால் அளந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஏதாவது பழுதாகி, ஊரே ராசி என்று சொன்னால், ஒரு நாள் பொறுங்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

இரவு முறைக்கு மகள் ஒன்பது மணிக்குக் கிளம்புவாள். நான் நாலாவது மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே ஒரே அழுத்தில் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்கும். சத்தம் சாலையில் கலந்து மறையும்வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன். அப்பா எழுந்து உள்ளே போனது எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் போகாமல் நின்று கேட்கிறேன்.